ஹெரால்டுக்கு எது புதுசு, எது பழசு?

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முகூர்த்த மேடை மாப்பிள்ளை மாதிரி தலை முதல் கால் வரை எல்லாம் புத்தம் புதுசாக மின்ன வேண்டும் என்பவர்கள் ஒரு ரகம். 'எங்க தாத்தா உட்கார்ந்த சீட்டு சார், தூசியைக்கூடத் தட்ட மாட்டேன்' என்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரின் கார் பழைய கார் மாதிரியே இருக்காது. இரண்டாம் ரகத்தாரின் கார் தெருமுனையைத் தாண்டாது!

நடுவில் ஒரு வழி இருக்கிறது. அப்பாவின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காக 3 வருஷம் புதுப்பேட்டைக்கும் வீட்டுக்குமாக அலைந்த தகுதியில் அதைச் சொல்கிறேன்.

ஹெரால்டைப் பார்த்தே இராத இளசுகளுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்த கார் இது. வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. 948 சிசி என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். முன் டயர் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்து என்ஜினைப் பார்க்கலாம்.

சரி, எந்தப் பார்ட்டைப் புதுசாக வாங்குவது, எதைப் பழசாகவே விடுவது? ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஓடும்போது இது போனால் என்ன ஆகும்?'

'ஆளே போய்விடுவோம்' என்றால் புதுசு, விலை பார்க்காதீர்கள். 'வண்டி நின்றுவிடும்' என்றால் பழசையே பழுது பாருங்கள். 'ஒன்றும் ஆகாது, பார்க்க நல்லா இருக்காது' என்றால் ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

ஆளைக் கவிழ்க்கும் ஆயில்

முதல் வகையில் முதல் பெயர் ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. இந்தக் கட்டைக்குத்தான் ட்ரன்னியன் என்று பெயர்.

"கிரீஸ் அடிச்சு வுட்டா போதும் சார், நூறு வருஷம் ஓடும்" என்றார் எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணன். அங்கேதான் விஷயமே. இதற்குக் கிரீஸ் ஆகாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளேயே காய்ந்து கெட்டியாகும். மழைத் தண்ணீர் புகும். எஃகுத் தண்டு சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து, சக்கரம் முழங்கால் மடிந்த மாதிரி மடங்கும்!

எனவே தண்டையும் கட்டையையும் ஜோடியாகவே மாற்றுங்கள். துருத் தண்டை புதுக் கட்டையில் திருகுவது வீண். இடது வலது பார்த்து வாங்குங்கள்; வலப்பக்கத்துக்கு வலமரை, இடப்பக்கத்துக்கு இடமரை. நல்ல செய்தி என்னவென்றால், ஹெரால்டின் தம்பியான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. அதற்கும் இதே அமைப்புதான். அதனால் இங்கிலாந்தில் இந்தச் சாமான் இன்றும் புதுசாகச் செய்து விற்கப்படுகிறது.

அடுத்து பிரேக். புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் கண் மின்ன ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். "பிரிக்காத பாக்கெட் சார். நாப்பது வருஷத்து கம்பெனி சரக்கு!" உள்ளே பிரேக் ரப்பர் கப். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் உள்ளே இருந்த ரப்பருக்கும் நாற்பது வயசாகிவிட்டதே! இரும்பு, வெண்கலம் என்றால் பழைய கம்பெனி சரக்கு தங்கம். ரப்பர் என்றால் பழைய சரக்கு வெறும் பழசு. பிரேக் ஹோஸ், கப், பெட்ரோல் குழாய் எல்லாம் அண்மையில் செய்ததாக இருக்கட்டும். அதிலும் 2025-லிருந்து நாடெங்கும் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டே வாங்குங்கள்.

எட்டு எம்.எம். வில்லன்

டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் இதெல்லாம் இரண்டாம் வகை. காயில் சுற்றும் கடையும் லேத் பட்டறையும் இருக்கிற ஊரில் இவற்றுக்குச் சாவே இல்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலிலும் இதே 948 சிசி என்ஜின்தான். காயலான் கடையில் கெஸல் என்ஜின் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் அதன் பானெட் சேராது.

போல்ட்டில் மட்டும் உஷார்! ஹெரால்டு, அங்குலக் கணக்குக் கார். 5/16 அங்குல போல்ட்டின் கனம் 7.94 மில்லிமீட்டர். நம் பட்டறைகளில் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட் அச்சு அசல் அதேபோல இருக்கும். இரண்டு சுற்று ஏறும். பிறகு முரண்டு பிடிக்கும். 'ஏறுதா, இல்லியா' என்று பையன் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால், உள்மரை காலி! அரை கிலோ அங்குல போல்ட்டைத் தனி டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

'என்னத்துக்குடா தொல்லை, புது என்ஜினை மாட்டிடு' என்று சொல்ல ஆபீசில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயசு தாண்டிய காரை வின்டேஜ் என்று பதிவு செய்து 'விஏ' எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். ஆனால் கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஆபீஸ் போய்வர முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிம்மாசனம் வேண்டாம்

இப்போது சீட். இதுதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். காரணம், சீட்டை அலங்காரம் என்று நினைக்கிறோம். அது பாதி அலங்காரம், பாதி பாதுகாப்பு.

இன்றைய காரின் தலையணை வைத்த பக்கெட் சீட்டைப் போட ஆசை வரும். வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள். உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் எத்தனை விரல்? தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும்? கதவு மூடுமா? இரண்டு கதவுக் காரில் பின்னால் ஏற முன் சீட் முன்புறம் சாய வேண்டுமே, சாயுமா? எல்லாம் சரி என்றாலும் கடைசியாகத் தரையைப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் எத்தனை நல்ல சீட்டை முடுக்கினாலும், திடீர் பிரேக்கில் சீட்டும் நீங்களும் ஜோடியாகக் கிளம்பிவிடுவீர்கள்! முதலில் தரைத் தகடு, அப்புறம்தான் சீட்.

நான் பழைய ஃபிரேமையே வைத்துக்கொண்டேன். விரிசலைப் பற்றவைத்து, தளர்ந்த பட்டைகளை மாற்றி, சீட் கட்டும் பாயிடம் கொண்டுபோனேன்.

"தம்பி, நாலு இஞ்சு ஸ்பாஞ்சு ஏத்தி சோபா மாதிரி பண்ணிரட்டா?"

"வேணாம் பாய். அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. புதையாம உட்காரணும், கைத்தாங்கல் இல்லாம எந்திரிக்கணும்."

பாய் ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். "அப்ப அடியில கெட்டி ஃபோம், மேல மெத்துனு மெல்லிசா ஒண்ணு. உசரம் பழைய உசரமே" என்றார். கைத்தொழில்காரரிடம் டிசைனைச் சொல்வதைவிட உட்காரப்போவது யார் என்று சொல்வது மேல்.

பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள். தையல் பிரித்தால் அதுதான் வெட்டுவதற்கு அளவு. சீட்டின் அடியில் மடித்து அடித்த ஓரத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்தத் துண்டில்தான் உண்மையான நிறம் இருக்கும். எங்கள் காரின் சீட் சாம்பல் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். மடிப்பைப் பிரித்தால் நீலம்! அந்தத் துண்டோடு ஜி.பி. ரோடில் கடை கடையாக ஏறினேன்.

"எனக்குப் புடவை எடுக்க அரை மணி நேரம் பொறுமை கிடையாது. சீட்டுக்குத் துணி எடுக்க மூணு சனிக்கிழமையா?" என்றாள் என் தர்மபத்தினி. (துணி இல்லை, ரெக்ஸின் என்று திருத்தும் தைரியம் வரவில்லை. ரெக்ஸின் என்பதே ஒரு இங்கிலீஷ் கம்பெனியின் பெயர்தான் என்ற தகவலையும் அவளிடம் சொல்லவில்லை!)

காசை எந்த வரிசையில் இறக்குவது? பிரேக், ட்ரன்னியன், டயர், தரைத் தகடு, சீட், கடைசியில் பெயிண்ட். நம் ஆட்கள் பெயிண்டில் ஆரம்பித்து, பிரேக்குக்கு வரும்போது கை நீட்டிக் கடன் கேட்பார்கள்.

எல்லாக் கடைக்காரரும் 'அசல் சாமான் சார்' என்றுதான் சத்தியம் செய்வார்கள். எது அசல் என்று கடைசித் தீர்ப்பு சொல்வது அவர்கள் அல்ல... ஈரமான ரோட்டில் கையைக்கூடக் காட்டாமல் குறுக்கே திரும்பும் ஆட்டோதான்!