தண்ணீர் ஓடும் ஊசி நரம்பைச் சுடும்... தெரியுமா?

மாத்திரை, தைலம், பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. இடுப்புவலி மட்டும் போன பாடில்லை. அப்போது டாக்டர், "வலியைக் கடத்துகிற நரம்பைக் குளிர்ந்த ஊசியால் சுட்டுவிடலாம்" என்கிறார். குளிர்ந்த ஊசி எப்படிச் சுடும் என்று தலை சுற்றுகிறதா? கூல்டு ரேடியோ ஃப்ரீக்வன்சி என்ற இந்தச் சிகிச்சையில் இதைவிடப் பெரிய ஆச்சரியங்கள் இருக்கின்றன!

ஊசி சுடுவதில்லை, தெரியுமா?

பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஊசிமுனை வழியாகப் பாய்வது விநாடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் சுற்று அலையும் மின்சாரம். மீடியம் வேவ் வானொலி தொடங்கும் இடத்துக்குச் சற்றே கீழே உள்ள அலைவரிசை! திசுவில் இருக்கும் அயனிகள் அந்த வேகத்துக்கு முன்னும் பின்னும் அலைந்து உரச, அந்த உரசலில் சூடு பிறக்கிறது. முதலில் சூடாவது திசு. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாவத்துக்குப் பிறகுதான் ஊசி!

அப்படியும் ஷாக் அடிக்காது!

விநாடிக்குச் சுமார் 10 ஆயிரம் சுற்றுக்கு மேல் அலையும் மின்சாரம் தசையைத் துடிக்க வைப்பதில்லை என்று பிரெஞ்சு விஞ்ஞானி தார்சோன்வால் 1891-லேயே காட்டிவிட்டார். ஆனால் அதே கருவியை விநாடிக்கு 2 துடிப்புக்கு இறக்கிப் பாருங்கள், தசை 'துடுக் துடுக்' என்று துள்ளும்! இந்த வித்தையை டாக்டர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

குளிரவைத்தால்தான் நிறையச் சுடலாம்!

பழைய முறையில் ஊசிமுனையை 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை விடுவார்கள். முனையை ஒட்டிய திசு காய்ந்து கருகினால் மின்தடை எகிறும். மின்சாரம் அதற்கு மேல் போகாது. பெருந்தீயில் போட்ட போண்டா கதைதான்: எண்ணெய் பட்ட இடம் கருகும், உள்ளே மாவு பச்சையாகவே கிடக்கும். புது முறையில் ஊசிக்குள் ஒரு பம்ப் தண்ணீரை இடைவிடாமல் சுற்றவிடுகிறது. முனை 60 டிகிரியில் நிற்க, அதற்குச் சற்றுத் தள்ளியுள்ள திசு 80 டிகிரியை எட்டுகிறது! கருகல் இல்லாததால் சூடு தாராளமாகப் பரவுகிறது. ஓர் இடத்துக்கு ஆகும் நேரம் சுமார் இரண்டரை நிமிடம். நரம்பு இழை செயலிழக்க 45 டிகிரியைத் தாண்டினாலே போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சூடுபட்ட இடத்துக்கு வடிவம் உண்டு!

பழைய ஊசி தன் நீளத்தை ஒட்டி ஒரு நீள்வட்டத்தைச் சுடும். எனவே நரம்புக்கு இணையாகப் படுக்கவைத்துச் செருக வேண்டும். குளிர்ந்த ஊசி சுடுவது ஏறக்குறைய ஓர் உருண்டை. அதுவும் முனையைத் தாண்டி முன்னாலும் நீளும். நேராகக் குத்தினாலும் நரம்பு அகப்படும்! முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்பு வந்து சேரும் மூட்டில் இது பெரிய வரம். அங்குள்ள நரம்புக் கிளைகள் ஆளுக்கு ஆள் இடம் மாறி ஓடுபவை.

காலுக்குப் போகும் நரம்பைத் தொடவே மாட்டார்கள்!

முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சின்ன மூட்டுகளுக்கு ஃபேசட் மூட்டு என்று பெயர். அவற்றின் வலியை மூளைக்குச் சொல்லும் மெல்லிய கிளைகள்தான் குறி. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு கிளைகள். ஒரு மூட்டின் வலியை நிறுத்த இரண்டையும் சுட வேண்டும்! காலை அசைக்கும் பெரிய நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதே? அங்கேதான் 2 துடிப்பு வித்தை. எக்ஸ்-ரே திரையைப் பார்த்து ஊசியை வைத்ததும், விநாடிக்கு 2 துடிப்பு அனுப்புகிறார்கள். முதுகுத் தசை மட்டும் துடித்தால் சரி. கால் துள்ளினால் ஊசி இடம் மாற வேண்டும்! விநாடிக்கு 50 துடிப்பு கொடுத்து, "வழக்கமாக வலிக்கும் இடத்தில் உணர்கிறீர்களா?" என்றும் கேட்பதுண்டு. பதில் சொல்ல நோயாளி விழித்திருக்க வேண்டும்!

வலி போனது, ஆனால் நரம்பு வெட்டுப்படவில்லை!

1971-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ரீஸ், இந்த நரம்புகளைக் கத்தியால் வெட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் வலி போனதாக அறிவித்தார். பிறகு உடற்கூறு வல்லுநர் நிக்கோலாய் போக்டுக் போன்றோர் ஆராய்ந்தபோது, அந்தக் கத்தி நரம்பு வரை எட்டவே எட்டாது என்று தெரிந்தது! வலியில் மனத்தின் பங்கு அவ்வளவு பெரிது. அதனால்தான் பிற்கால ஆய்வுகளில் 'பொய்ச் சிகிச்சை' பெறும் குழுவும் சேர்க்கப்பட்டது. 1996-இல் வெளியான ஆஸ்திரேலியக் கழுத்துவலி ஆய்வில் 24 பேர். நிஜமாகச் சுடப்பட்டவர்களுக்கு வலி பாதியளவு திரும்ப ஆன இடைநிலைக் காலம் 263 நாள். ஊசியை வைத்துச் சுடாமல் விடப்பட்டவர்களுக்கு வெறும் 8 நாள்! குளிர்ந்த ஊசிக்கு அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் வலி உள்ள 28 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 14 பேர்; மூன்றாம் மாதம் அவர்களில் 9 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பொய்ச் சிகிச்சைக் குழுவில் ஒருவருக்கும் இல்லை!

சுட்ட நரம்பு மறுபடி முளைக்கும்!

பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நரம்பு வளர்ந்து வலி திரும்பலாம். அப்போது மீண்டும் சுடலாம். மூட்டின் தேய்மானம் இருந்த இடத்திலேயே இருக்கும். வலி அடங்கிய மாதங்களில் உடற்பயிற்சி செய்து முதுகை வலுவாக்குபவர்களுக்கே முழுப் பலன்.

முழங்காலுக்கும் வந்துவிட்டது!

முழங்கால் தேய்மான வலிக்குக் குளிர்ந்த ஊசியைப் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் அனுமதி தந்தது. அதே ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வுகளோ, முதுகுவலிக்கு உடற்பயிற்சியோடு நரம்பைச் சுடுவதையும் சேர்த்ததில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்றன! சரியான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பல வலிநிபுணர்கள் எதிர்வாதம் வைத்தார்கள்.

ஆகவே டாக்டர் இந்தப் பேச்சை எடுத்தால், "முதலில் மரப்பு ஊசி போட்டுச் சோதிப்பீர்களா?" என்று கேளுங்கள். சந்தேகப்படும் நரம்பருகே துளி மருந்து செலுத்தி, சில மணி நேரமாவது வலி நன்றாகக் குறைகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. குறையாவிட்டால் குற்றவாளி அந்த நரம்பு இல்லை. அதைச் சுடுவதில் அர்த்தமும் இல்லை. பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்!