உங்களுக்குத் தெரியுமா? பகலில் ராமர், இரவில் கிருஷ்ணர்!

பொழுது சாய்ந்ததும் முதலிடத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு சீட்டு மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. சாவந்த்வாடியின் தசாவதார கஞ்சிஃபா என்ற சீட்டுக்கட்டில், பகல் ஆட்டம் என்றால் ராமர் ராஜாவைக் கையில் வைத்திருப்பவர்தான் முதலில் இறங்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு அந்த உரிமை கிருஷ்ணருக்கு!

• ராமர் சூரிய வம்சம், கிருஷ்ணர் சந்திர வம்சம். புராணத்தையே ஆட்ட விதியாக்கிய அழகு இது.

• சீட்டுகள் வட்டமானவை. அவதாரத்துக்கு 12 வீதம் மொத்தம் 120: ஒரு ராஜா, ஒரு மந்திரி, பத்து எண் சீட்டுகள். எண்ணுக்குப் பதில் சின்னம்தான்: மச்சத்துக்கு மீன், வாமனருக்குக் கமண்டலம், பரசுராமருக்குக் கோடரி. ஐந்து மீன் இருந்தால் அது மச்சத்தின் ஐந்து.

 

• கஞ்சிஃபாவை இன்றும் கையால் வரைகிறார்கள், சாவந்த்வாடி அரண்மனையிலேயே. கல்யாண்வாசிகளே, நான்கு ஸ்டேஷன் தள்ளி திவாவிலிருந்து சாவந்த்வாடிக்கு நேரடி ரயில் உண்டு. குழந்தைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.