யுத்த டாங்கியின் உள்ளே ஒரு தேடல்

யுத்த டாங்கி என்றதும் அதன் இரைச்சலும் நீண்ட குழலுமே எமது நினைவுக்கு வருகின்றன. எமது வாசகிகள் பலரும் அதனை வெளியிலிருந்து மட்டுமே கண்டவர்கள். அதன் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வாறு இருந்தார்கள் என்பதை அறிய ஆண்டுக்கணக்காகத் தேடுகின்றவர்களும் உலகில் உள்ளனர். அவர்கள் படையினர் அல்லர். பழைய டாங்கிகளின் சிறிய மாதிரிகளைச் செய்பவர்கள்.

இம்மாதிரிகள் பெரும்பாலும் உண்மையான அளவில் 35இல் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் பயன்படுத்திய ரி-34 என்னும் டாங்கியின் உடற்பகுதி ஏறத்தாழ 6 மீற்றர் நீளமானது. மேசையில் வைக்கும்போது அது 17 சென்ரிமீற்றர் மட்டுமே.

வெளித்தோற்றத்தைச் செய்வது அவ்வளவு கடினமல்ல. போர்க்காலப் புகைப்படங்கள் நிறையவே உண்டு. உட்புறத்தைப் படம் பிடித்தவர்களோ மிகச் சிலர். அப்படங்களும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால், நிறத்தை உறுதியாகக் கூற முடியாது. நூதனசாலைகளில் உள்ள டாங்கிகள் பலவற்றுக்குப் பின்னாளில் புதிய வர்ணம் பூசப்பட்டுள்ளது. ஏதேனும் ஒரு பெட்டியைக் கழற்றும்போது, அதன் பின்னால் பழைய வர்ணம் சிறிதளவு தென்படுவதுண்டு. அதுவே பெரிய சான்று.

ரி-34 பல தொழிற்சாலைகளில் தயாரிக்கப்பட்டது. ஒரு தொழிற்சாலையின் டாங்கி மற்றதைப் போல் முழுமையாக இருக்கவில்லை. எனவே கைந்நூல், வரைபடம், நூதனசாலையில் எடுத்த அளவு, உள்ளே இருந்தவர்களின் நினைவு ஆகிய யாவற்றையும் ஒப்பிட்டே அவர்கள் முடிவுக்கு வருகின்றனர்.

இவ்வாறு தேடும்போது அங்கிருந்த மனிதர்களின் நிலையும் தெரியவருகின்றது. 1943 வரை தயாரிக்கப்பட்ட ரி-34இல் நால்வர் இருந்தனர். மேலே சுழலும் கோபுரத்தின் அடிவளையம் சுமார் 1.4 மீற்றர் அகலமே. அதற்குள் இருவர். கட்டளை இடுபவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். குண்டு போடுபவர் நிற்பதற்குத் தனியான தளம் இல்லை. றப்பர் விரிப்பு இட்ட குண்டுப் பெட்டிகளின் மேல்தான் நிற்க வேண்டும். எரிபொருள் கொள்கலன்களும் இவர்களுக்கு அருகிலேயே, இரு பக்கச் சுவர்களோடும் இருந்தன. 1942இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஒரு ரி-34ஐப் பரிசோதித்தவர்கள் இந்த இடநெருக்கடியைப் பெருங்குறையாகச் சுட்டிக்காட்டினர்.

முன்னால் இடப்பக்கத்தில் சாரதியின் ஆசனம். இத்தகைய ஆசனத்தில் அமர்ந்தவர் மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா. இவருடைய கணவர் 1941இல் போரில் கொல்லப்பட்டார். மரியா உடைமைகளை விற்று, 50,000 ரூபிளை ஒரு டாங்கிக்காக அரசுக்கு வழங்கி, அதனைத் தானே செலுத்த அனுமதி கேட்டார். அந்த டாங்கிக்குப் 'போர்த் தோழி' என்று பெயரிட்டார். 1943 ஒக்டோபரில் களத்துக்குச் சென்றார். 1944 ஜனவரியில், சேதமடைந்த சங்கிலியைத் திருத்துவதற்காக வெளியே இறங்கியபோது எறிகணைச் சிதறல் தலையில் பட்டது. இரண்டு மாதங்களின் பின் இறந்தார்.

கணவனை இழந்த பெண் ஆயுதம் ஏந்த வேண்டும் என்பதற்காக இதனை எழுதவில்லை. மரியாவின் வீரம் பதக்கமாகவும் சிலையாகவும் நிற்கின்றது. ஆனால் அவர் எவ்வளவு இடத்துக்குள் ஒடுங்கியிருந்தார், கைக்கு எட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்பதை, அளவுகோலுடன் தேடியவர்களாலேயே இன்று அறிய முடிகின்றது.

போரின் வெளித்தோற்றத்தைப் பதிவு செய்யப் பலர் உள்ளனர். உட்புறம் அதனுள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். சகோதரிகளே, நாம் இருந்த பங்கர்களும் தறப்பாள் கொட்டில்களும் அத்தகையனவே. உங்கள் பங்கர் எத்தனை அடி அகலம்? மேலே பனங்குற்றி போட்டிருந்தீர்களா, மண்மூட்டை அடுக்கினீர்களா? எத்தனை பேர் இருந்தீர்கள்? பிள்ளைக்கு எங்கே இடம் விட்டீர்கள்? ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அயலவரின் நினைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பங்கர்கள் தூர்ந்துவிடும். அளவும் ஆட்களின் எண்ணிக்கையும் எழுத்தில் இருந்தால், அங்கு வாழ்ந்தவர்களை எவரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது.