குடிக்கிறது இங்கே... ஓட்டு அங்கே!

ஸ்ரீபெரும்புதூரில் எந்த பேச்சிலர் ரூமுக்குள் நுழைந்தாலும் மூன்று சங்கதிகள் நிச்சயம். கொடியில் கம்பெனி யூனிஃபார்ம், மூலையில் ஷூ, வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன்!

‘‘ஏரி எப்படிப் போனா நமக்கென்ன ஸார்? நாம குடிக்கிறது கேன் தண்ணி’’ என்றார் ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம்.

‘‘கேன் தண்ணி எங்கேர்ந்து தம்பி வருது?’’

‘‘லோடு ஆட்டோவிலேர்ந்து!’’

ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அது பூமிக்குள் இருந்தது என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கேன் தண்ணீரும் பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வெல்லில் உறிஞ்சியதுதான். ஏரி நிரம்பினால் போர்வெல்லில் ஊறும். ஏரிக்குள் கழிவு வந்தால்... அதுவும்தான் ஊறும்!

தவிர, இந்த வட்டாரத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பிக் கலங்கல் வழிந்தால், தண்ணீர் போய்ச் சேருமிடம் செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னைக்காரர்களின் குடிநீர். இங்கே கால்வாயில் கொட்டுவது அங்கே குழாயைத் தேடிப் போகிறது.

‘கம்பெனிக்காரங்களை எதிர்த்து நாம என்ன பண்ண முடியும்?’ என்பீர்கள். இதே பெங்களூர் ஹைவேயில் இரண்டு மணி நேரம் மேற்கே போனால் பதில் இருக்கிறது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு பாய்ந்து, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டது. திண்டுக்கல் பக்கமும் இதே கதை. 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 பாழ்! 1991-ல் ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ சுப்ரீம் கோர்ட் படியேறியது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு: மாசு செய்தவன்தான் நஷ்ட ஈடும் தரணும், கெட்ட மண்ணைச் சரிசெய்யும் செலவும் ஏற்கணும். தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்கும் நாடு முழுக்க வக்கீல்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பு இது.

ஆனால் ஒன்று... பாலாறு இன்னும் முழுசாகத் தேறவில்லை. 2025 ஜனவரியில்கூட சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போடவேண்டி வந்தது. கெடுக்க ஒரு பைப் போதும். திருத்த ஒரு தலைமுறை போதாது. அதனால்தான் சொல்கிறேன், கெடுவதற்கு முன்னால் கேளுங்கள்!

எப்படிக் கேட்பதாம்? இங்கே ஒரு சிக்கல். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். உங்களுக்கோ ஓட்டு தென்காசியில்! கவலை வேண்டாம், ஹவுஸ் ஓனருக்கு ஓட்டு இங்கேதான். அவரைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

மற்றதற்கு ஓட்டே வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ‘இன்ன தொழிற்சாலைக்குக் கொடுத்த இசைவாணையில் கழிவுநீருக்கு என்ன நிபந்தனை?’ என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும். ஏரியில் நுரையோ நாற்றமோ தெரிந்தால் தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்துப் புகார் கொடுக்கலாம். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். எதுவும் நடக்கவில்லையா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

‘வேலைக்கு உலை வெச்சிருவாங்களே’ என்ற பயம் நியாயமானது. வேலூர்க்காரர்கள் தனி ஆளாகப் போகவில்லை, மன்றமாகப் போனார்கள். பத்து ரூம் சேர்ந்தால் நீங்களும் ஒரு மன்றம்!

கடைசியாக, ஒரு வீட்டுப்பாடம். உங்கள் லைன் வீட்டு செப்டிக் டேங்க்கை உறிஞ்சும் லாரிக்கு லைசென்ஸ் இருக்கிறதா, எங்கே போய்க் கொட்டுகிறது என்று விசாரியுங்கள். தொழிற்சாலையைக் கேள்வி கேட்பதற்கு முன், நம் வீட்டு பைப் எங்கே போகிறது என்று தெரிந்திருப்பது நல்லது, இல்லையா?