கூதிர் வரவும் முன்பனி எதிர்நோக்கலும்: பாகூர், வில்லியனூர் வட்டார வேளாண் வாழ்வில் கலவை உணர்வு

ஆய்வுச் சுருக்கம்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களைக் கூதிர் என்றும், மார்கழி, தை ஆகிய இரு திங்களை முன்பனி என்றும் தமிழ் மரபு வகுத்துள்ளது. புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் கூதிரின் வரவு மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தருகின்றது. இவ்வுணர்வு, குளிர்நாடுகளின் இலையுதிர்காலம் தரும் ஏக்கத்தினின்றும் வேறானது என்பதை நெடுநல்வாடை, சம்பா வேளாண்மை, சுடுமண் தொழில், பருவப் பழமொழிகள், அண்மைக்காலப் புயல்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

குறிச்சொற்கள்: கூதிர், முன்பனி, வாடை, நெடுநல்வாடை, சம்பா, பாகூர் ஏரி, வில்லியனூர் சுடுமண் தொழில்.

முன்னுரை

பருவம் என்பது வானிலையின் பெயர் மட்டுமன்று. ஒரு நிலத்து மக்கள் எதை எதிர்நோக்குகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதன் பெயருமாகும். புதுச்சேரி வட்டாரத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் பாகூரும் வில்லியனூரும் ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் சார்ந்து வாழ்ந்துவருபவை. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றே வழங்குவர். இங்கு ஆண்டின் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. ஏறத்தாழ 1,300 மி.மீ. ஆண்டு மழையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கின்றது. ஆகவே கூதிரின் வரவு இவ்வூர்களுக்கு ஆண்டின் தலைவிதியை முடிவு செய்யும் நிகழ்வாக அமைகின்றது. அவ்வரவை மக்கள் எவ்வாறு உணர்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. கூதிரும் இலையுதிர்காலமும்

பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் ஐரோப்பியப் பருவங்கள் நான்கனுள் ஒன்று ‘இலையுதிர்காலம்’ எனப்படுகின்றது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீளும் அப்பருவத்தில் ஐரோப்பாவின் வயல்களில் அறுவடை முடிகின்றது. இலைகள் நிறம் மாறி உதிர்கின்றன. பகற்பொழுது விரைந்து குறுகுகின்றது. கையில் வந்த விளைவின் நிறைவும், கைவிட்டுப் போகும் வெயிலின் ஏக்கமும் அங்கே கலந்து நிற்கின்றன. அது முடிவைச் சார்ந்த கலவை.

பாகூர் வயல்வெளியில் அதே நாட்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. வேம்பும் அரசும் இங்கு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். மரபு வழக்கில் அது பின்பனிப் பருவம். ஐப்பசியிலோ வரப்பும் ஏரிக்கரையும் பசுமையின் உச்சத்தில் இருக்கும். நெல் அப்போது தூர் கட்டிக்கொண்டிருக்கும். அறுவடைக்கு இன்னும் இரண்டு, மூன்று மாதங்கள் உண்டு. எனவே நாட்காட்டியில் ஒரே இடத்தைப் பெறினும், கூதிர் இலையுதிர்காலம் ஆகாது. அங்கே முடிந்ததை எண்ணி மனம் கலங்குகின்றது; இங்கே முடியாததை எண்ணிக் கலங்குகின்றது. இவ்வேறுபாடு ‘இலையுதிர்காலம்’ என்னும் மொழிபெயர்ப்புச் சொல்லால் மறைந்துவிடுகின்றது.

‘கூதிர்’ என்ற சொல் இன்று ஊர்வழக்கில் இல்லை. எனினும் குளிர் நடுக்கத்தைக் குறிக்கும் ‘கூதல்’ என்ற சொல்லும், ஈரக் குளிர்காற்றைக் குறிக்கும் ‘ஊதக்காற்று’ என்ற சொல்லும், ‘வாடைக்காற்று’ என்பதும் தமிழர் நாவில் வாழ்கின்றன. இவற்றுள் ‘ஊதை’, ‘வாடை’ இரண்டும் சங்கப் பாடல்களிலேயே பயில்பவை. பருவத்தின் பெயர் மறைந்தாலும் அப்பருவத்தை உடல் உணரும் சொற்கள் மறையவில்லை.

2. நெடுநல்வாடை காட்டும் இருமுகம்

கூதிரின் கலவை உணர்வை முழுமையாகப் பதிவு செய்த பழந்தமிழ் நூல், பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. 188 அடிகளைக் கொண்ட இப்பாட்டின் தலைவனைத் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எனக் கொள்வது மரபு.

வெள்ளத்தை வெறுத்த கோவலர் தம் ஆநிரைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச்சென்று, நெருப்பில் கை காய்ச்சி நடுங்குவதை இந்நூல் முதலில் காட்டுகின்றது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் கூனிக் குறுகுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கின்றது. இவ்வளவு துயரத்திற்கும் இடையில் நெற்கதிர் முற்றி வளைவதையும், பாக்கு முதிர்வதையும் புலவர் காட்டத் தவறவில்லை. அதாவது, உயிர்களை வருத்தும் அதே மழை பயிரை வளர்க்கின்றது. ஊருக்குள் மூடிய வானத்தால் மாலைப்பொழுது தெரியாத மகளிர், பிச்சியரும்பு மலரும் மணத்தால் பொழுதறிந்து விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர்.

பாட்டின் பெயரும் இவ்விருமையைத் தாங்குகின்றது. பிரிவால் வருந்தும் அரசிக்கு வாடை நெடியதாகவும், போர்ப் பாசறையில் வெற்றி காணும் அரசனுக்கு நல்லதாகவும் அமைந்தமையால் இப்பெயர் வந்தது என்பது உரை மரபு. ஒரே காற்று ஒருவருக்கு நெடிது, மற்றொருவருக்கு நன்று. எனினும் பாட்டு இவ்விரண்டையும் வெவ்வேறு மனங்களில் வைக்கின்றது. பாகூர், வில்லியனூர் உழவர் வாழ்வில் இவை ஒரே மனத்தில் கூடுகின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பியம் கூதிரைக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாகவும், காரை முல்லைக்கு உரியதாகவும் வகுக்கின்றது. முன்பனியும் குறிஞ்சிக்கே உரித்தாக்கப்படுகின்றது. வயல் சார்ந்த மருதத்திற்குத் தனிப் பெரும்பொழுது சுட்டப்படாமையால், ஆறு பருவங்களும் உரியன என்று உரையாசிரியர் கொண்டனர். ஆகவே மருதநிலத்து உழவனின் கூதிர் அனுபவம் அகத்திணை இலக்கணத்தில் தனியே பெயர் பெறவில்லை. அதனைக் காண நாம் வயலுக்கும் ஏரிக்கும் செல்ல வேண்டியுள்ளது.

3. ஏரியும் சம்பாவும்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளன. வில்லியனூர்ப் பகுதியின் ஊசுட்டேரி அவற்றுள் பெரியது. பாகூர் ஏரி அதற்கு அடுத்தது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் வருகின்றது. சங்கராபரணி செஞ்சிப் பகுதியிலும், தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியிலும் தோன்றுபவை. எனவே இவ்வூர்களின் நீர் இவ்வூர்களின் வானத்தை மட்டும் நம்பியதன்று. உள்ளூரில் மழை பொய்த்தாலும் ஏரி நிரம்பலாம்; உள்ளூரில் மழை ஓய்ந்த பின்னும் வெள்ளம் வரலாம்.

நெல் இங்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் பயிராகின்றது. இவற்றுள் ஆவணி வாக்கில் தொடங்கித் தையில் முடியும் சம்பாப் பட்டமே கூதிர், முன்பனி ஆகிய இரண்டையும் கடந்து வருவது. ஐப்பசியில் நீர் வேண்டும். களையெடுப்பும் மேலுரமும் நடக்கும். ஆனால் அடைமழை நீடித்தால் வயலில் இட்ட உரம் கரைந்து ஓடும். தாழ்ந்த வயல்களில் பயிர் மூழ்கும். கார்த்திகை, மார்கழியில் கதிர் வெளிவந்து பூக்கும் நாட்களில் பெருமழை பெய்தால் மகரந்தச் சேர்க்கை தடைப்பட்டு மணி பிடிக்காமல் பதராகும். ஏரி நிரம்பாவிட்டாலோ தையை அடுத்துவரும் நவரைக்கு நீர் இராது. ஆகவே உழவன் வேண்டுவது மழையையும் அன்று, மழையின்மையையும் அன்று. ஏரிக்கு மழையும் வயலுக்கு இடைவெளியும் அவனுக்கு வேண்டும். வானம் அவ்வாறு பிரித்துப் பெய்வதில்லை.

இவ்வுணர்வு எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. நிலமுடையவர்க்கு ஏரி நிரம்புதல் அடுத்த பட்டத்திற்கான உறுதி. குத்தகைதாரர்க்கு அதே மழை, கடன்பட்டு இட்ட உரம் கரையும் அச்சத்தோடு வருகின்றது. நடவுக்கும் களைக்கும் செல்லும் கூலிப் பெண்களுக்கு அடைமழை நாள் என்பது கூலியில்லா நாள். ஒழுகும் கீற்றுக் கூரையும், நனைந்த விறகும், நனையும் வைக்கோல் போரும் அவர்கள் நாளின் சுமையை மேலும் கூட்டுகின்றன. எனினும் அவ்வேலை அடுத்த பட்டத்தில் கிடைப்பதும் இம்மழையாலேயே. இன்றைய கூலியை இழப்பதும் நாளைய கூலி உறுதியாவதும் ஒரே நாளில் நிகழ்கின்றன.

4. வில்லியனூர்ச் சுடுமண் தொழிலும் கார்த்திகையும்

கூதிரின் இருமையை வயலுக்கு வெளியே தெளிவாகக் காட்டுவது வில்லியனூர்ச் சுடுமண் தொழில். 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை இது. மண்பாண்டத் தொழிலுக்கு வேண்டிய இரண்டும், அதாவது காய்ச்சலும் சூளையும், மழையோடு ஒவ்வாதவை. வனைந்த பொருள் நிழலிலும் பின் வெயிலிலும் சீராக உலர வேண்டும். ஈரம் எஞ்சிய பொருளைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிப்பை உண்டாக்கும். ஆகவே மழைநாட்கள் தொழிலுக்கு முட்டுக்கட்டை.

ஆனால் அகல் விளக்குக்கான தேவை பெருகுவதும் கார்த்திகையில்தான். திருக்கார்த்திகைக்கு வீடுதோறும் விளக்கேற்றுவர். கோயில் முன்னர்ச் சொக்கப்பனை கொளுத்துவர். பனம்பூக் கரியால் செய்த மாவலியைச் சிறுவர் சுற்றுவர். ஆண்டின் ஈரம் மிகுந்த நாட்களிலேயே நெருப்பின் விழா வருகின்றது. விளக்கு விற்கும் காலமும் விளக்கு காயாத காலமும் ஒன்றாகிவிடுகின்றன. இதனால் முன்கூட்டியே வனைந்து சுட்டு வைத்துக்கொள்ள இடமும் முதலும் உடையோர் கார்த்திகையை மகிழ்ச்சியோடு எதிர்கொள்வர். அன்றாடம் வனைந்து அன்றாடம் விற்போர்க்கு அதே திங்கள் ஒரு பந்தயம். பொங்கல் பானைக்கான மார்கழி உழைப்பிலும் பனியின் ஈரம் உலர்தலைத் தாமதப்படுத்துகின்றது.

5. பழமொழிகளின் நாட்கணக்கும் புயல்களும்

நிச்சயமற்ற பருவத்தோடு வாழ்வதற்கு மக்கள் வகுத்த கருவி பழமொழி. ‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்பது கூதிரின் வாயிலில் நிற்கும் மயக்கத்தைச் சொல்கின்றது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது மழையின் வரிசையைச் சொல்கின்றது. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசித் தொடக்கத்தில் பிறப்பது இதனோடு பொருந்துகின்றது. ‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்பது அச்சத்திற்கு ஓர் எல்லை வகுக்கின்றது. அந்நாளைக் கடந்தால் மழையின் அச்சம் ஓயும், பனியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இதில் உண்டு.

இவ்வெல்லை அண்மைக்காலத்தில் தளர்ந்துள்ளது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று, மார்கழி நடுவில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பழமொழிப்படி மழை ஓய்ந்திருக்க வேண்டிய நாள் அது. நிவர் புயல் 2020 நவம்பர் 25 இரவு தொடங்கிப் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை புதுச்சேரியில் பெய்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் வந்ததெனக் கணக்கிடலாம்.

ஃபெஞ்சலின்போது துயரம் மழையோடு முடியவில்லை. மேல்நிலத்துப் பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. பாகூர் கொம்யூனின் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. வீடூர் அணையின் நீர் சங்கராபரணியில் பெருகி வில்லியனூர்ப் பகுதியையும் அச்சுறுத்தியது. ஏரியை நிரப்பும் ஆறுகளே வயலையும் வீட்டையும் மூழ்கடித்தன.

6. முன்பனியை எதிர்நோக்கல்

குளிர்நாடுகளில் வரவிருக்கும் குளிர்காலம் அஞ்சத்தக்கது. இவ்வட்டாரத்தில் மார்கழி, தை இரவுகளின் வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே இறங்குகின்றது. எனவே முன்பனி இங்கு ஒருவகை விடுதலையாகவே எதிர்நோக்கப்படுகின்றது. மழை ஓய்ந்து, வரப்பு உலர்ந்து, கதிர் பால் பிடித்து முற்றும் காலம் அது. வாசலில் பூசணிப்பூ வைத்த கோலமும், விடியற்கால வழிபாடும், பொங்கலை நோக்கிய எதிர்பார்ப்பும் மார்கழிக்கு இனிமை தருகின்றன. ஊசுட்டேரிக்கு ஊசிவால் வாத்து முதலிய வலசைப் பறவைகள் வந்து தங்குவதும் இந்நாட்களில்தான்.

இவ்விடுதலையும் கலப்பற்றதன்று. குளிர்ந்த இரவும் இலைமேல் நீங்காத பனியும் குலைநோய் பரவ ஏற்ற சூழலாகும். புகையான் பூச்சியின் தாக்குதலும் இக்காலத்தில் மிகலாம். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்னும் பழமொழி, முதியோர் உடல் படும் பாட்டை நினைவூட்டுகின்றது. ஆயினும் இவற்றுக்கு மருந்தும் கம்பளியும் உண்டு. ஒரே இரவில் எல்லாவற்றையும் கொண்டுசெல்வன அல்ல. கூதிரின் அச்சத்திற்கும் முன்பனியின் அச்சத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவுரை

கூதிர் தரும் கலவை உணர்வு முடிந்துபோனதைப் பற்றிய ஏக்கமன்று. விளைவு இன்னும் தீராத நிலையில் எழும் விருப்பும் அச்சமும் ஆகும். ஆகவே அதனை இலையுதிர்காலம் என்ற சொல்லால் குறிப்பது பொருந்தாது. இவ்வட்டார மாணவர்க்குப் பருவங்களைக் கற்பிக்கையில் கூதிர், முன்பனி என்னும் பெயர்களை முதலிற் கூறுவது அவர்தம் கண்முன் உள்ள நிலத்தோடு பாடத்தை இணைக்கும்.

நெடுநல்வாடை வெவ்வேறு மாந்தரிடம் பகிர்ந்து வைத்த இருமை, ஏரிப் பாசன உழவர், கூலித் தொழிலாளர், மண்பாண்டக் கலைஞர் ஆகியோரிடம் ஒரே மனத்தின் இரு பாதிகளாக அமைகின்றது. எப்பாதி மிகும் என்பதை வானத்தோடு அவரவர் நிலமும் முதலும் கூடித் தீர்மானிக்கின்றன.

பழமொழிகள் வகுத்த நாளெல்லை, அச்சத்தைத் தாங்கக்கூடியதாக ஆக்கியது. மார்கழியில் வந்த புயலும், ஒரு நாளில் கொட்டிய பெருமழையும் அவ்வெல்லையைத் தளர்த்தும்போது, கலவையில் நம்பிக்கையின் பங்கு குறைந்து அச்சத்தின் பங்கு கூடுகின்றது. ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் கூதிருக்கு முன்னரே தூர்வாரிக் காத்தல் நீர் மேலாண்மைப் பணி என்பதோடு, மழையை மீண்டும் மகிழ்ந்து வரவேற்கும் மனநிலையைக் காக்கும் பணியுமாகும்.