ஐயம் தீர்க்கும் மருத்துவர்

நோய் உடலைப் பற்றுவது. ஐயம் உள்ளத்தைப் பற்றுவது. உடல் நோய்க்கு மருந்து உண்டு. உள்ளத்தின் ஐயத்திற்கோ தெளிந்த விடையே மருந்தாகும். இவ்விரண்டனுள் ஒன்று தீர்ந்து மற்றொன்று தீராதிருப்பின், நோயாளி முழு நலம் பெறுதல் அரிது. அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் இவ்வுண்மையை நன்கு அறிவார். ஆதலின் அவர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு அமையாது, தம்மை நாடி வருவோர் வினவும் வினாக்களுக்கெல்லாம் பொறுமையுடன் விடை கூறுவார். அவருட் பலரும் வினவும் வினாக்கள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

“ஐயா, என் தந்தையாரும் இந்நோயால் இறந்தார். இப்பொழுது எனக்கும் வந்துளது. இது குடிவழியாக வரும் நோயோ?” என்பது நோயாளர் பலர் கேட்கும் முதல் வினாவாகும்.

“அன்று” என்பார் மருத்துவர். “எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோய், கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியால் உண்டாவது. செருமனி நாட்டு அறிஞர் இராபர்ட் கோக் 1882 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள் பெர்லின் நகரில் இதனை உலகிற்கு அறிவித்தார். தந்தையும் மகனும் ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றை உயிர்த்து வாழ்கின்றனர். தந்தையின் இருமலிலிருந்து வெளிப்படும் கிருமி மகனைச் சேருதல் கூடும். இதற்குக் காரணம் குருதியும் அன்று, முன்வினையும் அன்று.”

“அவ்வாறாயின் உண்கலத்தையும் பாயையும் வேறு வைத்தல் வேண்டுமோ?” என்று வீட்டார் வினவுவர். வேண்டுவதில்லை. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றிற் கலக்கும் நுண்டுளிகளின் வாயிலாகவே இக்கிருமி பரவுகின்றது. உண்கலத்தாலும் உடையாலும் தொடுவதாலும் பரவுவதில்லை. ஆதலின் நோயாளி வாயைத் துணியால் மூடி இருமுதலும், கண்ட இடங்களில் கோழையை உமிழாதிருத்தலும், வீட்டின் பலகணிகளைத் திறந்து வைத்துக் காற்றும் வெயிலும் புகவிடுதலும் செயற்பாலன. கிருமி புகுந்தோர் யாவரும் நோயுறுவர் என்பதும் இல்லை. பெரும்பாலோர் உடலில் அஃது உறங்கியே கிடக்கும். உணவுக் குறையும், நீரிழிவும், எச்.ஐ.வி. தொற்றும், புகையும், மதுவும் உடலின் காவலைத் தளர்த்தும்பொழுது அக்கிருமி விழித்துக்கொள்ளும்.

பிள்ளைகளையுடைய தாய்மார் கண்ணீரோடு கேட்பது வேறொரு வினா. “நான் என் மக்களைப் பிரிந்து மருத்துவமனையிலேயே தங்குதல் வேண்டுமோ?”

இவ்வினாவிற்கு உலகம் விடை பெற்ற இடம் நம் சென்னை நகரமே என்பது அறியத்தக்கது. காசநோய்க்கு ஏற்ற மருந்து காணப்பெறாத காலத்தில், தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் தவிர வேறு வழி இருந்ததில்லை. அதன்பொருட்டு ஊர்ப்புறங்களில் நல்வாழ்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. தாம்பரத்தில் 1928 ஆம் ஆண்டு அமைந்த நிலையம் அவற்றுள் ஒன்று. பின்னர் 1943 இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோனியசிடு என்னும் மருந்து காசநோயைத் தணிக்கும் என்பது 1952 இல் தெரியவந்தது. மருந்துகள் கிடைத்தன, ஆயினும் நோயாளர் அனைவர்க்கும் நிலையங்களில் இடம் இல்லை. சிற்றில்லங்களில் நெருங்கி வாழும் ஏழையர் வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறுதல் கூடுமோ என்ற வினா எழுந்தது.

அதற்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்றுகூடி 1956 ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் ஆய்விற்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் நல்வாழ்வு நிலையத்தில் தங்கினர். மற்றொரு பகுதியினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாரார்க்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. நிலையத்தில் இருந்தோர்க்கு ஓய்வும் சிறந்த உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர்க்கு அவை அத்துணைக் கிடைத்தில. எனினும், 1959 இல் வெளிவந்த முடிவு, இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த அளவில் நலம் பெற்றனர் என்று காட்டியது. வீட்டில் மருந்துண்டோருடன் வாழ்ந்த சுற்றத்தார்க்கு, அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. இவ்வாய்விற்குப் பின்னரே வீட்டிலிருந்து மருந்துண்ணும் முறை பல நாடுகளிலும் பரவியது. அந்நிலையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் இன்றும் பணியாற்றி வருகின்றது.

“ஆதலின், அம்மா, நோய் முற்றி உடல் மிக நலிந்தாலன்றி நீங்கள் வீட்டைப் பிரிய வேண்டுவதில்லை. மருந்தை முறையாக உண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே, பிறர்க்குப் பரவும் அச்சம் பெரிதும் குறையும். அதுகாறும் காற்றோட்டமுள்ள இடத்தில் உறங்குங்கள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளாரையும், சிறப்பாகக் குழந்தைகளையும், ஒருமுறை இங்கு அழைத்து வாருங்கள். அவர்களையும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும்” என்று மருத்துவர் கூறுவார்.

எல்லா வினாக்களினும் இடர்மிக்க வினா இரண்டு திங்கள் கழிந்தபின் எழுவது. “காய்ச்சல் தணிந்தது; இருமல் நின்றது; எடையும் ஏறியது. இன்னும் மருந்து எதற்கு?” என்று கேட்பாரினும், கேளாமலே நிறுத்திவிடுவார் நிலையே இரங்கத்தக்கது.

இதனை மருத்துவர் கோரையைக் காட்டி விளக்குவார். “கோரையை மேலே அறுத்துவிட்டால் வயல் தூயதாகத் தோன்றும். மண்ணுள் கிழங்கு கிடக்குமாயின், அடுத்த மழையில் அது மீண்டும் தழைக்கும். அவ்வாறே முதலிரு திங்களில் பெரும்பாலான கிருமிகள் மடியும். மெல்லப் பெருகும் சில எஞ்சி நிற்கும். அவற்றையும் அழித்தற்கே மேலும் நான்கு திங்கள் மருந்து வேண்டும்” என்பார்.

ஒரு மருந்து போதாமைக்கும் காரணம் உண்டு. எண்ணிறந்த கிருமிகளுள் ஒரு மருந்திற்கு அடங்காதன சில இயல்பாகவே இருக்கும். அவற்றைப் பிறிதொரு மருந்து அழிக்கும். அதுபற்றியே முதலில் ஐசோனியசிடு, ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. மருந்தை விட்டு விட்டு உண்பவர் உடலில், அடங்காக் கிருமிகளே எஞ்சிப் பெருகும். பின்னர் எளிய மருந்துகள் பயன்படா. கடிய மருந்துகளை நாட வேண்டியதாகும். அவர் இருமலால் நோயுறுவார்க்கும் அவ்வடங்காக் கிருமியே சேரும். ஒருவர் செய்யும் சோர்வு பலர்க்குத் தீங்காய் முடியும் என்பது இதனால் விளங்கும்.

சிறுநீர் செந்நிறமாதல் கண்டு, குருதி போகின்றதென அஞ்சி மருந்தை நிறுத்துவாரும் உளர். அது ரிபாம்பிசினின் நிறமே, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கண்கள் மஞ்சளித்தாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும் உடனே மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும்.

உணவைப் பற்றிய வினாவிற்கு விடை எளிது. பருப்பு, நிலக்கடலை, முட்டை, மீன், பால், கீரை முதலியவற்றுள் இயன்றவற்றை உண்ணலாம். இந்நோய்க்கெனப் பத்தியம் வேண்டுவதில்லை. நல்லுணவு மருந்திற்கு ஈடாகாது. எனினும் அது சிறந்த காவலாகும். ஜார்க்கண்டு மாநிலத்தில் நிகழ்ந்து 2023 இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளர் வீட்டார்க்கு ஊட்ட உணவு அளித்தமையால், அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுதல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கு உறுப்புக்களை உடையது என்பர் திருவள்ளுவர். மருத்துவரும் மருந்தும் அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கின்றனர் எனினும், ஏனைய இரண்டும் வீட்டிலேயே அமைதல் வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் உடையாரைக் கண்டால், அவரை வெறுத்து ஒதுக்காது கோழையை ஆய்வித்துக்கொள்ளுமாறு அன்புடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். மருந்துண்பவர் இறுதி நாள் வரை உண்ணுமாறு நாள்தோறும் நினைவூட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் சிறுவர்க்கும் இயலும் தொண்டுகளாம்.