வேலியோரச் செடியும் வேகமான நோயும்

பீடோர் வட்டாரத்துப் பழைய தோட்டப்புற வீடுகளின் வேலியோரங்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்து நிற்கும் சிறு செடி நித்தியகல்யாணி. இடுகாடுகளிலும் இச்செடி வளர்வதால் இதனைச் ‘சுடுகாட்டு மல்லி’ என்றும் அழைப்பர். மங்கலமும் துயரமும் கலந்த பெயர்களைக் கொண்ட இச்செடிக்கும், மிக வேகமாக வளரும் ஒரு புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு.

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் பரவியுள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. காலில் புண் ஏற்பட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான். புண் ஆறியதும் வீக்கம் வற்றிவிடும். ஆனால், கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகினால், அது நிணநீர்ப் புற்றுநோயாகும். அதில் அரிய வகை ஒன்று ‘பர்கிட் லிம்போமா’. குழந்தைகளையும் இளையோரையும் இது அதிகம் தாக்குகிறது.

1957ஆம் ஆண்டு, உகாண்டாவின் கம்பாலா நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், தாடைகள் வீங்கிய ஒரு சிறுவனைக் கண்டார். சில வாரங்களில், வேறோர் ஊரிலும் அதே வீக்கத்துடன் ஒரு குழந்தையைப் பார்த்தார். ஐயம் கொண்ட அவர், பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி ஆராய்ந்து, 1958இல் இந்நோயைப் பற்றி எழுதினார். 1961இல் இரு நண்பர்களுடன் காரில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பயணம் செய்து, இந்நோய் எங்கெங்குக் காணப்படுகிறது என்று ஆராய்ந்தார். அவருடைய உரையைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டைன், 1964இல் தம் குழுவினருடன் இக்கட்டியின் அணுக்களில் ஒரு புதிய வைரசைக் கண்டறிந்தார். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதில் பங்குள்ளதாக அறியப்பட்ட முதல் வைரசு அதுவே.

இந்நோயின் கட்டி ஓரிரு நாளிலேயே இருமடங்காகக்கூடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து முறை இரட்டித்தால் ஓர் அணு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே, வலியின்றி நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி, தாடை வீக்கம், ஆட்டம் காணும் பற்கள், வயிறு உப்புதல், காரணமற்ற காய்ச்சல், இரவில் அதிக வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது. நெறி கட்டுவதெல்லாம் புற்றுநோயன்று. பெரும்பாலும் அது சாதாரணக் கிருமித் தொற்றே. எனினும், இரண்டு வாரத்திற்கு மேலும் வற்றாத கட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரைவாக வளரும் கட்டிக்கு அத்தனை நாள் காத்திருத்தலும் கூடாது.

கட்டியிலிருந்து சிறு பகுதியை எடுத்து ஆராய்ந்த பின்னரே நோய் உறுதி செய்யப்படும். இதற்கு அறுவை சிகிச்சையைவிட, பல மருந்துகளை ஒருசேரச் செலுத்தும் சிகிச்சையே முதன்மையானது. அம்மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களையே குறிவைத்துத் தாக்குகின்றன. எனவே, இந்நோயின் வேகமே அதன் பலவீனமுமாகிறது. சில நாள்களிலேயே கட்டி கரையத் தொடங்கும். அழியும் அணுக்களின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்காதிருக்க, நரம்பின்வழி நிறைய நீர் ஏற்றப்படும். முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை குணமடைகின்றனர்.

அம்மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணி இலையிலிருந்து பெறப்படுவதாகும். அதனால் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என எண்ணுவது ஆபத்தானது. அச்செடியில் நச்சுத்தன்மை உண்டு. ஒரு கிராம் மருந்தைப் பிரித்தெடுக்கவே பல நூறு கிலோகிராம் காய்ந்த இலை தேவை. அம்மருந்தும் அளவு சிறிது மிகுந்தாலே நரம்புகளைப் பாதிக்கும்.

கைவைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் இந்நோய்க்குச் சாதகமாகும். பீடோரில் உள்ளவர் முதலில் அருகிலுள்ள கிளினிக்கை நாடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ போன்ற நகரின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். கட்டியைக் கண்டதும் அச்சத்தாலோ கூச்சத்தாலோ மறைக்காமல் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுவது மாணவர் கையில் உள்ளது.